மிளகாயை அழுக வைக்கும் பூசணமும் மார்பகப் புற்றுநோய் மருந்தும்

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் சாலையில், திருவெறும்பூருக்கு முன்னால் வரும் காட்டூரில் இன்று வயலைத் தேடித்தான் பார்க்க வேண்டும். வீட்டுமனைகளுக்கு நடுவே மிஞ்சிய அரை ஏக்கரில் ஒரு குடும்பம் குத்தகைக்கு மிளகாய் பயிரிட்டிருந்தது. 2024ஆம் ஆண்டு தை மாதம். பழம் சிவக்கும் பருவம். பருவம் தவறிப் பெய்த மழைக்குப் பிறகு பழங்களில் கருப்புப் பொட்டுகள் தோன்றின. பொட்டு வட்டமாகப் பெருகி, நடுவில் குழி விழுந்து, பழம் வைக்கோல் நிறமாக வெளிறியது. பழ அழுகல் நோய் என்று உழவர் நன்கு அறிந்த நோய்தான் அது.

அதே வீட்டில் இன்னொரு சங்கதியும் இருந்தது. உழவரின் மனைவிக்குக் கார்த்திகை மாதம் முதலே இடது மார்பில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடம் சொன்னபோதும், "ஏங்க, நோவே இல்ல. பழம் பறிச்சு முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றுதான் சொன்னார். பார்க்க வந்த நாத்தனார், "காளான்ல புத்துநோய்க்கு மருந்து இருக்குதாம் அண்ணி, பேப்பர்லயே போட்டிருக்கான்" என்று ஒரு பொடி டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த டப்பா ஒன்றரை மாதம் ஓடியது. கட்டியோ நெல்லிக்காய் அளவாயிற்று.

நாத்தனார் சொன்னது முழுப் பொய் அல்ல. பூசணங்களுக்கும் மார்பகப் புற்றுநோய் மருந்துக்கும் தொடர்பு உண்டு. அந்த வயலில் மிளகாயை அழுக வைத்த பூசணமே அந்த ஆராய்ச்சியில் இடம் பெற்றிருக்கிறது. ஆனால் அந்தத் தொடர்பு எப்படிப்பட்டது என்பதைத் தெரிந்து கொள்ளாததால்தான் ஒன்றரை மாதம் வீணாயிற்று.

மரப்பட்டையில் கிடைத்த மருந்து

மார்பகப் புற்றுநோய்க்கு இன்று உலகெங்கும் கொடுக்கப்படும் முக்கிய மருந்துகளில் ஒன்று பாக்லிடாக்செல். டாக்சால் என்ற பெயரில் முதலில் அறியப்பட்டது. 1962ஆம் ஆண்டு அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த தாவரவியலார் ஆர்தர் பார்க்ளே, வாஷிங்டன் மாநிலத்துக் காட்டில் பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையைச் சேகரித்தார். அந்தப் பட்டையிலிருந்து வானி, வால் என்ற இரு வேதியியலார் மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்து, அதன் அமைப்பை 1971ல் வெளியிட்டனர். இவர்களில் வானி நம் நாட்டவர். அது எப்படி வேலை செய்கிறது என்பதை 1979ல் சூசன் ஹார்விட்ஸ் கண்டறிந்தார். 1992ல் சூலகப் புற்றுநோய்க்கும், 1994ல் மார்பகப் புற்றுநோய்க்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

மருந்தின் வேலையை ஓர் உவமையால் சொல்லலாம். ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது, வீடு கட்டச் சாரம் கட்டுவது போல உள்ளே நுண்ணிய இழைகளைக் கட்டிக் கொள்கிறது. வேலை முடிந்ததும் சாரத்தைப் பிரித்து விடும். டாக்சால் இந்தச் சாரத்தைப் பிரிக்க முடியாதபடி இறுக்கி விடுகிறது. பிரிய முடியாத உயிரணு செத்துப் போகிறது. புற்றுநோய் உயிரணுக்கள் ஓயாமல் பிரிபவை. ஆகவே அடி அவற்றின் மேல் அதிகம் விழுகிறது. தலைமயிரின் வேரில் உள்ள உயிரணுக்களும் வேகமாகப் பிரிபவை என்பதால் மருந்து ஏற்றும் காலத்தில் முடி கொட்டுகிறது. மருந்து நின்றபின் மறுபடி வளரும்.

சிக்கல் மரத்தில் இருந்தது. யூ மெதுவாக வளரும் மரம். நூறு வயது மரத்தை வெட்டிப் பட்டை உரித்தால் ஏறக்குறைய 3 கிலோ பட்டை. அதில் சுமார் 300 மில்லிகிராம் மருந்து. ஒரு பெண்ணுக்கு ஒரு தடவை ஏற்றவே அது சரியாகப் போய்விடும். இமயமலையில் வளரும் நம் நாட்டு யூ மரமும் இந்த மருந்துக்காக வெட்டப்பட்டு அருகி வந்ததால், 1995ல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

பூசணம் வந்த கதை

மரத்தை வெட்டாமல் மருந்து கிடைக்குமா என்று தேடியபோதுதான் பூசணம் கதைக்குள் வந்தது. எந்தச் செடியின் இலையை எடுத்துக் கொண்டாலும், நோய் எதையும் காட்டாமல் உள்ளே குடியிருக்கும் பூசணங்கள் உண்டு. இவற்றை உள்வாழ் பூசணங்கள் எனலாம். அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் ஆண்ட்ரியா ஸ்டியர்லி, கேரி ஸ்ட்ரோபல் முதலானோர் யூ மரத்தின் உட்பட்டையிலிருந்து ஒரு புதிய பூசணத்தைப் பிரித்தெடுத்து, ஆய்வுக்கூடத்தில் தனியே வளர்த்தனர். மரத்தை விட்டுப் பிரிந்த பின்னும் அது டாக்சாலை உண்டாக்கியது என்று 1993ல் அறிவித்தனர். மரத்தின் மருந்தைப் பூசணமும் செய்கிறது என்ற செய்தி உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

நம் மாநிலத்தில் இந்த வேலையை விடாமல் செய்தது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையம். உழவர்களுக்கு அந்நியமான இடம் அல்ல அது. 1944 முதல் டி.எஸ். சதாசிவன் தலைமையில் பருத்தி வாடல் நோயை உண்டாக்கும் பூசணத்தையும் அது செடிக்குள் விடும் நஞ்சையும் ஆராய்ந்த கூடம் அதுதான். அங்கே பேராசிரியர் முத்துமேரியும் அவருடைய மாணவர்களும் யூ மரத்தைத் தேடி இமயமலைக்குப் போகவில்லை. நம் ஊர் இலைகளையே எடுத்துச் சோதித்தனர். வில்வ இலையில் வாழும் ஒரு பூசணம் லிட்டருக்கு 187.6 மைக்ரோகிராம் டாக்சால் தந்தது என்று 2008ல் வெளியிட்டனர். அதே ஆண்டு கருநொச்சி இலையிலிருந்து எடுத்த கொலிட்டோட்ரைக்கம் என்ற பூசணம் 163.4 மைக்ரோகிராம் தந்தது. காவிரிக்கரையில் நிற்கும் நீர்மருதின் இலையிலிருந்தும் 2009ல் பூசணங்கள் பிரித்தெடுக்கப்பட்டன. நார்த்தை இலையிலும் செம்பருத்தி இலையிலும் இலைப்புள்ளி நோயை உண்டாக்கும் பூசணங்கள்கூட இந்தப் பட்டியலில் சேர்ந்தன. கண்ணாடித் தட்டில் வளர்த்த மனிதப் புற்றுநோய் உயிரணுக்களின் மேல் பூசணத்தின் டாக்சாலை விட்டுப் பார்த்தபோது அவை மடிந்தன.

2011ல் வெளியான ஓர் ஆய்வு மிளகாயைத் தாக்கும் கொலிட்டோட்ரைக்கம் கேப்சிசி என்ற பூசணத்தைப் பற்றியது. காட்டூர் வயலில் பழத்தில் பொட்டு வைக்கும் இனம் இதுதான். அதை வடிசாறில் வளர்த்தபோது அதிலும் டாக்சால் இருப்பதாகக் கண்டனர்.

பூசணத்துக்கு இந்த மருந்து எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். நாற்றங்காலில் மிளகாய், தக்காளி நாற்றுகள் தண்டு மெலிந்து கொத்துக் கொத்தாகச் சாயும் நாற்றழுகல் நோயைக் காணாத உழவர் இல்லை. பித்தியம் என்பது அதன் காரணி. வெற்றிலைக் கொடிக்காலை வாடச் செய்யும் பைட்டோப்தோராவும் அதன் பங்காளி இனம். டாக்சால் இவ்விரண்டு வகைகளின் வளர்ச்சியையும் தடுக்கக் கூடியது. அதாவது, மனிதன் மருந்தாக எடுத்துக் கொண்டது முதலில் ஒரு பூசணக் கொல்லி. கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழகத்தார் 2015ல் இதை இன்னும் தெளிவாக்கினர். யூ மரத்தில் கிளை வெடிக்கும் இடங்களில் உள்வாழ் பூசணம் டாக்சாலைச் சேர்த்து வைத்து, மரத்தை அழுக வைக்கும் பிற பூசணங்கள் நுழையாதபடி காவல் காக்கிறதாம். குடியிருக்கும் வீட்டுக்கு வாடகையாகக் காவல் வேலை!

கணக்குப் போட்டுப் பார்த்தால்

இவ்வளவும் உண்மை என்றால் மருந்துக் கடையில் பூசண மருந்து ஏன் இல்லை? கணக்கைப் பார்க்க வேண்டும். மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நடுத்தர உடல்வாகு உள்ள பெண்ணுக்கு ஒரு தடவைக்குச் சுமார் 280 மில்லிகிராம் மருந்து வேண்டும். வில்வ இலைப் பூசணத்தின் விளைச்சலை வைத்துக் கணக்கிட்டால், சேதாரமே இல்லாமல் பிரித்தெடுத்தாலும் ஒரு தடவைக்கு 1,500 லிட்டர் வடிசாறு வளர்க்க வேண்டும். 10 லிட்டர் கைத்தெளிப்பானில் 150 டாங்க். மூன்று வாரத்துக்கு ஒரு முறை என நான்கு தடவை ஏற்றுவது ஒரு வழக்கமான முறை. அதற்கு 6,000 லிட்டர், ஒரு தண்ணீர் லாரி நிறைய. 1993ல் அறிவிக்கப்பட்ட முதல் பூசணம் இதனினும் மோசம். லிட்டருக்கு அதிகம் போனால் 50 நானோகிராம். ஒரு தடவை மருந்துக்கு 56 லட்சம் லிட்டர் வேண்டும்.

விளைச்சல் குறைவு என்பது ஒரு தொல்லை. விளைச்சல் நிற்பதில்லை என்பது அதைவிடப் பெரிய தொல்லை. காளான் வளர்ப்போருக்கு இது புரியும். தாய் வித்திலிருந்து எடுத்த வித்து நன்றாகப் பரவும். அதிலிருந்து மறுபடி, அதிலிருந்து மறுபடி என்று மாற்றிக் கொண்டே போனால் வித்து வலுவிழந்து மகசூல் விழும். டாக்சால் பூசணங்களும் ஆய்வுக்கூடத்தில் மாற்றி மாற்றி வளர்க்கும்போது மருந்து உண்டாக்குவதைக் குறைத்துக் கொள்கின்றன, சில சமயம் நிறுத்தியே விடுகின்றன.

இன்னும் ஒரு படி மேலே போய், பூசணம் தானாக டாக்சால் செய்கிறது என்பதையே சந்தேகித்தவர்களும் உண்டு. ஜெர்மனியின் ஆகன் நகர ஆய்வாளர்கள் 1993ஆம் ஆண்டுப் பூசணம் உட்படச் சிலவற்றை மறுபடி எடுத்துச் சோதித்து, அந்த மருந்தைச் செய்வதற்கு வேண்டிய மரபணுக்கள் அவற்றில் இருப்பதற்குச் சான்று இல்லை என்று 2013ல் எழுதினர். வாதம் இன்னும் ஓயவில்லை. அறிவியலில் இப்படி ஒருவர் சொன்னதை மற்றவர் உரசிப் பார்ப்பது நல்லதுதான். செய்தித்தாளில் முதல் செய்தி பெரிய எழுத்திலும், உரசிப் பார்த்த செய்தி எழுத்தே இல்லாமலும் போவதுதான் வருத்தம்.

இன்று ஆஸ்பத்திரியில் ஏற்றப்படும் பாக்லிடாக்செல் வேறு வழியில் வருகிறது. யூ மரத்தின் ஊசியிலைகளைக் கழித்தெடுத்து, அதில் கிடைக்கும் மூலப்பொருளை மருந்தாக மாற்றுகிறார்கள். இலை மறுபடி துளிர்க்கும் என்பதால் மரம் சாவதில்லை. யூ மரத்தின் உயிரணுக்களையே பெரிய கலன்களில் வளர்த்தும் எடுக்கிறார்கள். பூசணம் இந்த வரிசையில் இடம்பிடிக்க இன்னும் உழைக்க வேண்டும்.

தின்றால் தீருமா?

பூசணத்தில் மருந்து இருக்கிறது என்றால் பூசணத்தையோ காளானையோ தின்றால் போதாதா என்ற எண்ணம் எழுவது இயல்பு. போதாது. டாக்சாலை வாயால் உட்கொண்டால் குடலில் சரியாக ஏறாது; நரம்பில்தான் ஏற்ற வேண்டும். தண்ணீரில் கரையாததால் ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த ஒரு திரவத்தில் கரைத்துக் கொடுக்கிறார்கள். (ஆமணக்கு பயிரிடுவோருக்கு இது ஒரு பெருமை.) அந்தத் திரவம் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதால் முன்கூட்டியே மாற்று மருந்து கொடுத்து, பக்கத்தில் இருந்து பார்த்துக் கொண்டே ஏற்ற வேண்டியிருக்கிறது. இத்தனை கவனம் வேண்டிய மருந்து டப்பாப் பொடியில் அடங்காது.

சிப்பிக்காளானிலும் பால் காளானிலும் டாக்சால் கிடையாது. அவை நல்ல உணவு; புரதமும் நார்ச்சத்தும் உண்டு. 1943லேயே கோவையில் வைக்கோல் காளான் வளர்ப்பை ஆராய்ந்து வழிகாட்டிய மாநிலம் இது. குடிசை போட்டுக் காளான் வளர்க்கும் சிறு விவசாயிகள் அதை உணவாகவே விற்கலாம், தாராளமாக விற்கும். ஜப்பானில் மரத்தில் வளரும் ஒருவகைக் காளானின் சாற்றை 1977 முதல் புற்றுநோய்ச் சிகிச்சைக்குத் துணையாக அனுமதித்தனர். அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு முடித்த பெண்கள் சிலருக்கு அதே காளானின் பொடியைக் கொடுத்துப் பார்த்து 2012ல் வெளியிட்டனர். சோதனையை முடித்தவர்கள் ஒன்பதே பேர். பொடி உடலுக்கு ஒத்துக் கொள்கிறதா, நோய் எதிர்ப்பு அணுக்கள் மாறுகின்றனவா என்று பார்த்தார்களே தவிர, கட்டி கரைந்ததா என்று பார்க்கவில்லை. அந்தப் பெண்கள் எல்லோரும் முறையான சிகிச்சை எடுத்துக் கொண்டவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. காளான் பாக்கெட்டின் மேல் "புற்றுநோயைக் குணப்படுத்தும்" என்று அச்சிடுவது குற்றமும் ஆகும். 1954ஆம் ஆண்டின் மருந்து, மாய நிவாரண விளம்பரத் தடைச் சட்டத்தின் பட்டியலில் புற்றுநோயும் இருக்கிறது.

பூசணம் என்றால் மருந்து என்று ஒரே தட்டில் வைப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஈரம் காயாத நிலக்கடலை, மக்காச்சோளம், மிளகாய் வற்றல் ஆகியவற்றில் பச்சையாகப் படியும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூசணம் அப்ளாடாக்சின் என்ற நஞ்சை விடுகிறது. 1960ல் இங்கிலாந்தில் பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கைத் தின்று ஒரு லட்சம் வான்கோழிகள் மாண்டபோதுதான் இது தெரிய வந்தது. கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும் நஞ்சு அது. சமைத்தாலும் வறுத்தாலும் முழுவதும் போகாது. பூசணம் பிடித்த கடலையைப் பொறுக்கி எறிய வேண்டும். மாட்டுக்கும் வைக்கக் கூடாது.

இதே காரணத்தால் அழுகல் கண்ட மிளகாயை நல்ல பழத்தோடு களத்தில் போடக் கூடாது. நோய் விதை மூலம் பரவுவதால், அடுத்த பயிருக்கு நோயற்ற பழத்திலிருந்து விதை எடுத்து, கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைக்க வேண்டும். டிரைக்கோடெர்மாவும் ஒரு பூசணம்தான். நம் பக்கம் நிற்கும் பூசணம். காய்ப்புப் பருவத்தில் பொட்டு தென்பட்டவுடன் லிட்டருக்கு 2 கிராம் மாங்கோசெப் கலந்து 15 நாள் இடைவெளியில் தெளிக்கலாம். பறிப்புக்கு முன் விட வேண்டிய நாள் கணக்கை டப்பாவில் பார்த்துக் கொள்ள வேண்டும்.

இந்தப் பூசணத்தை வளர்த்து விற்றால் காசு வருமா என்று கேட்கும் உழவரும் இருப்பார். நித்தியகல்யாணி அப்படி ஒரு வழி காட்டியது உண்மை. அதன் இலையில் புற்றுநோய் மருந்து கிடைப்பதால் தென் மாவட்ட மானாவாரி நிலங்களில் அது பயிராயிற்று. பூசணத்துக்கு நிலம் தேவையில்லை. கலனும் கம்பெனியும் போதும். உழவருக்கு இதில் பங்கு வருமானால், அது வாய்க்கால் கரையில் மருதமும் கோயிலில் வில்வமும் வெட்டுப்படாமல் நிற்பதால் வரும் பங்குதான். அடுத்த பூசணம் எந்த இலைக்குள் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

வலி இல்லாத கட்டி

இந்தியப் பெண்களிடையே இன்று அதிகம் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி அந்த ஓராண்டில் மட்டும் புதிதாகக் கண்டவர்கள் சுமார் 1 லட்சத்து 92 ஆயிரம் பேர். காட்டூர்ப் பெண்மணியைப் போல, "நோவு இல்லையே" என்று பலர் இருந்து விடுகிறார்கள். வலி இல்லாத கெட்டிக் கட்டிதான் அதிகம் கவனிக்க வேண்டியது. காம்பு உள்ளிழுத்துக் கொள்வது, காம்பில் ரத்தக் கசிவு, தோல் ஆரஞ்சுப் பழத்தோல் போலக் குழி குழியாவது, அக்குளில் நெறி கட்டுவது இவையும் அறிகுறிகள். எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல; பெரும்பாலானவை சாதாரணக் கட்டிகளே. எது எது என்று ஊசிச் சோதனைதான் சொல்லும், பொடி டப்பா சொல்லாது. முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டலாம். 30 வயது கடந்த பெண்களுக்கு அங்கே மார்பகப் பரிசோதனை இலவசம். திருச்சி வட்டாரத்தார் புத்தூர் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கும் நேரே போகலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையும் அடக்கம். ரேஷன் அட்டையும் வருமானச் சான்றும் கையில் இருந்தால் அலைச்சல் குறையும். சென்னை அடையாறில் முத்துலட்சுமி ரெட்டி 1954ல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கிறது.

காட்டூர்க் குடும்பத்தில் கடைசியில் வாய் திறந்தது கணவர்தான். கட்டி பெரிதாகியிருப்பதைக் கேட்டவுடன், "பழம் கெடந்து போவுது, நீ கெளம்பு புள்ள" என்று மாசியில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். ஊசிச் சோதனையில் புற்றுநோய் என்று தெரிந்தது. அக்குளுக்கும் பரவத் தொடங்கியிருந்தது. அறுவைக்குப் பிறகு அந்த அம்மாளுக்கு ஏற்றிய மருந்துகளில் பாக்லிடாக்செல்லும் ஒன்று. மூன்றாவது தடவைக்குப் பிறகு பாதம் மரத்துப் போயிற்று. இந்த மருந்து நரம்பைத் தொடுவதால் வரும் தொல்லை அது. பலருக்கு மாதங்களில் குறையும், சிலருக்குச் சற்று நீடிக்கும். முள் குத்தினாலும் தெரியாது என்பதால் வயலுக்குச் செருப்பில்லாமல் போகக் கூடாது என்று நர்ஸ் கண்டித்துச் சொல்லி அனுப்பினார். அதுவரை வரப்பில் செருப்புப் போட்டு நடந்தறியாதவர், புரட்டாசியில் நாற்று நடவுக்கு வந்தபோது கணவரின் பழைய ரப்பர் செருப்பை மாட்டிக் கொண்டு வந்தார்.